முகம் கறுத்தது வெயிலாலா, க்ரீமாலா?

வேளாண்மைப் பட்டப்படிப்பில் இறுதியாண்டு படிக்கும் 21 வயது மாணவி ஒருவர் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

விடுதியில் தங்கிப் படிக்கிறார். வாரத்தில் மூன்று நாள் பண்ணையில் செய்முறை வகுப்பு. கல்லூரியில் சேர்ந்தபோது மாநிறமாக இருந்த முகமும் முன்கையும் கறுத்துவிட்டன என்பதுதான் அவருடைய முதல் கவலை. சில மாதங்களுக்கு முன் அறைத்தோழி ஒரு ட்யூபைக் கொடுத்து, ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்றிருக்கிறார். ஆகவும் செய்தது. காலையும் இரவுமாக நான்கு மாதம் பூசிவிட்டு நிறுத்தியபோது முகம் சிவந்து எரிந்தது, பருக்கள் கொத்தாகக் கிளம்பின. மறுபடி பூசினால் அடங்குகிறது, விட்டால் கிளம்புகிறது. பருவுக்காக ஒரு மருத்துவர் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. மாத்திரை எழுதிக்கொடுத்து ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார். அவரிடம் ட்யூபைப் பற்றிச் சொல்லவில்லை. வெயிலில் வேலை செய்த மறுநாள் முன்கையிலும் பிடரியிலும் குண்டூசித் தலை அளவில் அரிக்கும் பொரிகள் வருகின்றன. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. காலை வெயிலில் அரை மணி நேரம் நில் என்கிறார் அம்மா. இப்படிக் கறுத்துப்போனால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று வருந்துவதும் அதே அம்மாதான். கறுப்புத் தோலுக்கு எதற்கு சன்ஸ்க்ரீன் என்று வகுப்பில் கேலி. ஆனாலும் பூசுகிறார், 50 கிராம் ட்யூப் ஒன்று ஒரு செமஸ்டருக்கு வருகிறதாம். எலுமிச்சைச் சாறும் தயிரும் ஞாயிற்றுக்கிழமைகளில். அடுத்து வருவது கிராமத் தங்கல் பயிற்சி. இரண்டு மாதம் வயல்வெளி. "உடல்நிலையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்கலாமா, போனால் முகம் என்ன ஆகும்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வெயில்தான் குற்றவாளியாக நிற்கிறது. எனக்கு அது இரண்டாவது இடத்தில்தான் படுகிறது. வெயிலில் கறுப்பது, தோல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை. வெயில் படுவது குறைந்தால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அது தானாக மங்கும். எரிச்சல், சிவப்பு, நிறுத்தினால் கிளம்பும் பரு ஆகியவை அப்படி மங்குபவை அல்ல. அவை அந்த ட்யூபால் வந்தவை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தாலும் ட்யூபின் மடிப்புக்கு அருகே மருந்தின் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினலோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நம் ஊர் விடுதிகளில் கைமாறும் ட்யூப்களில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும்: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். இந்தக் கலவை மங்கு என்கிற கன்னத் தேமலுக்கு, இரவில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கப்படும் மருந்து. நிறத்தைக் கூட்டும் அழகு க்ரீம் அல்ல. லேபிளில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று பொருள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது என்பது உங்கள் அறையிலேயே தெரிகிறது.

ஒரே வாரத்தில் வெளுத்தது எப்படி? ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நிறமி உற்பத்தியை அமுக்குகிறது. ஹைட்ரோகுவினோன் நிறமி உருவாகும் வழியை அடைக்கிறது. ட்ரெட்டினாயின் மேல்தோலை வேகமாக உதிர்க்கிறது. மூன்றும் சேரும்போது கண்ணாடியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். பூனை முடி அடர்ந்து வளரும். பரு போன்ற பொரிகள் வரும். மருந்தை நிறுத்தியதும் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிவதால் முகம் சிவந்து எரிகிறது. அதைத் தணிக்க மறுபடி பூசுகிறீர்கள், அது உங்களை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசியவர்களுக்குக் கன்னத்தில் கருநீலப் படிவு உண்டாவதும் உண்டு. அதைப் போக்குவது மிகக் கடினம்.

மெலிந்துபோன அந்த முகத்தோடு காலையில் மறுபடி பூசிக்கொண்டு பண்ணைக்குப் போயிருக்கிறீர்கள். வெயில் தாங்கவில்லை என்று நீங்கள் உணர்ந்ததில் பெரும்பங்கு இதுதான்.

இதை நீங்களாக நிறுத்தி, நீங்களாகத் தொடங்கி விளையாட வேண்டாம். தோல் மருத்துவர் ஒருவரிடம் அந்த ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதா, உடனே நிறுத்திவிட்டு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பு கொடுப்பதா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் மோசமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து பழைய ட்யூபுக்குத் திரும்புகிறவர்களே அதிகம். முழுதாகத் தெளியப் பல மாதங்கள் ஆகலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தெளியும்.

ட்யூபைப் பற்றிய முடிவு மருத்துவருடையது. அவரைப் பார்க்கும்வரை முகத்துக்கு மற்றபடி மூன்று பொருள் போதும்: நுரை குறைந்த, மணமில்லாத முகக் கழுவி (ஃபேஸ் வாஷ்), சாதாரண மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்க்ரீன். எரிந்தால் சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். ஸ்க்ரப், ப்ளீச், ஃபேஷியல், ஆவி பிடித்தல் எதுவும் வேண்டாம்.

எலுமிச்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் சாற்றிலும் தோலிலும் சோராலன் வகைப் பொருட்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்பட்டதுபோல் சிவந்து, சில சமயம் கொப்புளமே வரும். ஆறிய பிறகு வழிந்த தடத்திலேயே கரும்பட்டையாக மாதக்கணக்கில் நிற்கும். வெளுக்கப் பூசியது கறுப்பை விட்டுச் செல்கிறது. சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையும் வெயிலும்

டாக்ஸிசைக்ளின் பருவுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அது தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். சாதாரணமாகத் தாங்கக்கூடிய வெயிலிலேயே மூக்கு, கன்னம், புறங்கை எல்லாம் முள் குத்துவதுபோல் எரியும், சிவக்கும். அரிதாக நகம் படுக்கையிலிருந்து பிரியும். அளவு கூடினால் இந்தக் கூச்சமும் கூடும். இதைத் தூண்டுவது முக்கியமாக யுவிஏ, அதாவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை. யுவிஏ காலையிலிருந்து மாலைவரை ஓரளவு சீராக இருக்கும், மேகத்தைக் கடந்து வரும், பேருந்தின் ஜன்னல் கண்ணாடியையும் கடக்கும். "நிழலில்தான் இருந்தேன், ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன், அப்படியும் எரிகிறது" என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

வயல்வெளியில் இரண்டு மாதம் கழிக்கப் போகிற ஒருவருக்கு இந்த மாத்திரை பொருத்தமில்லை. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இரண்டையும் சொல்லுங்கள்: ஸ்டீராய்டு பூசியது, வயலுக்குப் போவது. ஸ்டீராய்டால் வந்த பருவுக்குச் சிகிச்சையே வேறு மாதிரி அமையலாம். மாற்று மாத்திரைகளும் உண்டு. டாக்ஸிசைக்ளினை நிறுத்தினால் சில நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடும், ஆகவே பயிற்சி தொடங்க ஒரு வாரத்துக்கு முன்பாவது இந்த முடிவை எடுங்கள். அதுவரை சாப்பிடுவதானால் பாலோடு வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும்.

கையிலும் பிடரியிலும் வரும் பொரி

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு வாய்ப்புகள். முதலாவது, வெயில் ஒவ்வாமை என்று பொதுவாகச் சொல்லப்படுவது. வெயில் பட்ட சில மணி நேரத்திலோ மறுநாளோ, முன்கையின் வெளிப்பக்கத்திலும் பிடரியிலும் பொடிப்பொடியாக அரிக்கும். நம் தோல் நிறத்தில் அவை சிவப்பாக இல்லாமல் வெளிறிய புள்ளிகளாகவே தெரியும். தேமல் என்று நினைத்துப் பூஞ்சை மருந்து போடுகிறவர்கள் உண்டு. வெயில் காலத் தொடக்கத்தில் அதிகமாக இருக்கும், போகப்போகத் தோல் பழகிக் குறையும்.

இரண்டாவது வாய்ப்பு உங்கள் படிப்போடு சம்பந்தப்பட்டது: பார்த்தீனியம். அந்தச் செடியின் துகளும் மகரந்தமும் காற்றில் வந்து தோலில் படிந்து ஒவ்வாமை உண்டாக்கும். வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெயில் ஒவ்வாமை நிழல் விழும் இடங்களை விட்டுவிடும்: மேல் இமை, தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால். பார்த்தீனியம் அந்த இடங்களில்தான் முதலில் பிடிக்கும். முழங்கை மடிப்பிலும் கழுத்து மடிப்பிலும் அரிக்கும். எங்கே அரிக்கிறது, எங்கே இல்லை என்று பொரி இருக்கும்போதே ஃபோனில் படம் எடுத்துவையுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் அது பெரும்பாலும் மறைந்திருக்கும். பார்த்தீனியம் என்று சந்தேகம் இருந்தால் களை பிடுங்கும்போது கையுறை கட்டாயம், அறைக்கு வந்ததும் குளித்து உடையை மாற்றிவிடுங்கள்.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். இரண்டு கன்னமும் மூக்கின் மேலும் சேர்ந்து சிவப்பது, வாயில் வலியில்லாத புண், காலையில் விரல் மூட்டு வலி, முடி கொட்டுதல், விட்டுவிட்டுக் காய்ச்சல் இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் தாமதிக்காமல் பரிசோதனை செய்ய வேண்டும். லூபஸ் என்ற நோய் இளம்பெண்களுக்கு வருவது, வெயிலில் அதிகமாகும். உங்களுக்கு அது இருப்பதாக நான் சொல்லவில்லை. முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருப்பதால் இருந்தாலும் அது மறைந்திருக்கும் என்பதால் சொல்கிறேன்.

துணி முதலில், க்ரீம் பிறகு

கறுப்புத் தோலுக்கு சன்ஸ்க்ரீன் எதற்கு என்ற கேலியில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மைப் போன்ற நிறத்தவருக்கு வெள்ளையரைவிட மிகக் குறைவு. வெளிநாட்டு அறிவுரையை அப்படியே எடுத்து உங்களைப் பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் நம் நிறமி தரும் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. மிகக் கறுத்த தோலுக்கே அது ஏறக்குறைய எஸ்பிஎஃப் (சன்ஸ்க்ரீன் வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எண்) 13 அளவுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாநிறத்துக்கு அதைவிடக் குறைவு. நமக்கு வெயில் செய்யும் கெடுதல் வேறு வடிவில் வருகிறது: மங்கு, பரு ஆறிய இடத்தில் மறையாத கரும்புள்ளி, வெயில் ஒவ்வாமை, கண்ணில் சதை வளர்தல், முன்கூட்டியே வரும் கண்புரை. வயலிலும் கடலிலும் உழைத்தவர்களின் கண்ணோரச் சதையைப் பார்த்திருப்பீர்கள்.

எந்த நேரத்து வெயிலை ஒதுக்க வேண்டும் என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சூட்டையும் புற ஊதாக் கதிரையும் ஒன்றென்று நினைக்கிறோம். அக்னி நட்சத்திரத்தில்தான் வெயில் கடுமை என்று காத்திருக்கிறோம். ஆனால் சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் வந்து, அந்த மாதக் கடைசி வாரத்துக்குள் சென்னையைக் கடந்துவிடுகிறது. மார்ச் முதலே நண்பகலில், புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண்ணான யுவி இண்டெக்ஸ் பல நாட்களில் 11-ஐத் தொடும், தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 3-க்கு மேல் பாதுகாப்பு வேண்டும் என்கிறது; 11-க்கு மேல் என்பது அதன் அட்டவணையில் உச்சப் பிரிவு. ஃபோனில் உள்ள வானிலைச் செயலியிலேயே இந்த எண் இருக்கும். செயலி இல்லையென்றால் உங்கள் நிழலைப் பாருங்கள்: நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. ஏப்ரலில் கோவைப் பக்கம் அது காலை ஒன்பதே காலுக்குத் தொடங்கி மாலை மூன்றரைக்கு அருகில்தான் முடியும். குளிர்ந்த ஊரில் ஏமாறாதீர்கள்: ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும். சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே முகம் கருகலாம்.

இப்போது சன்ஸ்க்ரீன் கணக்கு. டப்பாவில் உள்ள எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்து வந்தது. முகம், கழுத்து இரண்டுக்கும் அந்த அளவில் பூச ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அவ்வளவு. ஒரு நாளைக்கு இரண்டு முறை பூசினால் 50 கிராம் ட்யூப் மூன்று வாரத்தில் தீர வேண்டும். உங்களுக்கு ஒரு செமஸ்டர் வருகிறது என்றால் தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பூசவில்லை. அந்த அளவில் 30 என்று போட்டிருப்பது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். சன்ஸ்க்ரீன் போட்டும் கறுக்கிறது என்று நீங்கள் நினைத்ததற்குக் காரணம் க்ரீமின் தரமாக இருக்க வேண்டியதில்லை.

கைகளையும் க்ரீமாலேயே மூடப் பார்த்தால் ஒரு கைக்கு ஒரு டீஸ்பூன் வீதம், ஒரு முறைக்கே சுமார் பத்து கிராம் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். 50 கிராம் ட்யூப் இரண்டு மூன்று நாளில் காலி. மாணவர் கையில் இருக்கும் பணத்துக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் துணியை முதலில் சொல்கிறேன். நாற்று நடவும் களையெடுக்கவும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த ட்யூபும் அதற்கு ஈடாகாது. நெருக்கமாக நெய்த, அடர்நிற, தொளதொளப்பான முழுக்கைச் சட்டை இரண்டு வாங்குங்கள். வெளிச்சத்துக்கு நேராகத் துணியைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெளிவாகத் தெரியக் கூடாது. மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் குறைவாகத்தான் தடுக்கும், வியர்வையில் நனைந்தால் இன்னும் குறையும். ஒற்றை மடிப்பு ஷிஃபான் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்வது மனத் திருப்திக்கு மட்டுமே. கல்லூரி கொடுக்கும் முன்விளிம்புத் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும், உங்களுக்குப் பொரி வருவதே பிடரியில். சுற்றிலும் நான்கு விரல்கடை விளிம்புள்ள தொப்பியோ பனை ஓலைத் தொப்பியோ தேவை. கண்ணாடி வாங்கினால் யுவி 400 என்ற குறிப்பு இருக்கட்டும்; வெறும் கறுப்புக் கண்ணாடி போதாது.

இப்படி மூடியபின் க்ரீமுக்கு மிச்சம் இருப்பது முகம், கழுத்து, புறங்கை. வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

எஸ்பிஎஃப் 30 முதல் 50 வரை போதும். 30 என்பது யுவிபி-யில் (புற ஊதாக் கதிரின் இன்னொரு வகை) சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. நூறு என்று போட்டதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட முப்பதைத் தாராளமாகப் பூசுவது மேல்.

எஸ்பிஎஃப் எண் முக்கியமாக யுவிபி-யைப் பற்றியது. யுவிஏ-வுக்கு பிஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளைப் பாருங்கள்; குறைந்தது மூன்று வேண்டும். நீங்கள் டாக்ஸிசைக்ளின் சாப்பிடுவதால் இது உங்களுக்கு முக்கியம்.

பருவின் கரும்புள்ளிகள் இருப்பதால், தோல் நிறச் சாயம் சேர்ந்த, அயர்ன் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்க்ரீன் உங்களுக்கு நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே நம் நிறத்தவருக்குக் கரும்புள்ளியை அடர்த்தியாக்கும். சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. ஜிங்க் விட்டுச்செல்லும் சாம்பல் பூச்சும் இதில் தெரியாது.

ட்யூபை வண்டிப் பெட்டியிலும் வயல் வரப்பிலும் வெயிலில் வைக்காதீர்கள். பிரிந்து தண்ணீராக வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புறப்பட இருபது நிமிடத்துக்கு முன் பூசி, வியர்வையைத் துண்டால் ஒற்றிவிட்டு மறுபடி பூசுங்கள். தேய்த்துத் துடைத்தால் க்ரீமும் போய்விடும்.

வைட்டமின் டி

அம்மாவின் அறிவுரையில் அக்கறை சரி, நேரம்தான் சரியில்லை. தோலில் வைட்டமின் டி உருவாக யுவிபி வேண்டும். ஆறு மணி, ஏழு மணி இளவெயிலில் அது மிகச் சொற்பம். சூரியன் உயர்ந்த பிறகே கிடைக்கும். உங்களுக்கு எந்த நேரத்து வெயிலிலும் போய் நிற்கத் தேவையில்லை. ஏற்கெனவே பண்ணையில் நிற்கிறீர்கள், அப்படியும் 14 தான். 20-க்குக் கீழ் குறைபாடு. அதை மருந்தால் சரிசெய்வதே இப்போதைய முகத்துக்குப் பாதுகாப்பு. வழக்கமாக 60,000 யூனிட் வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு அல்லது பாலோடு. பிறகு குறைந்த அளவில் தொடர்வது. உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அளவே உங்களுக்கு அளவு. எட்டு வாரம் முடிந்தும் தொடர்ந்து விழுங்கிக்கொண்டே இருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், சிறுநீரகக் கல் என்று போகும். மூன்று மாதம் கழித்து ஒருமுறை அளவு பாருங்கள். அன்றாட வாழ்க்கையில் சன்ஸ்க்ரீன் பூசுவதால் மட்டும் வைட்டமின் டி குறைந்துவிடுவதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

பயிற்சிக்குப் போவதா?

மூன்று வழிகள் இருக்கின்றன. விலக்குக் கேட்பது, அடுத்த தொகுப்போடு சேர்ந்துகொள்வது, நேரத்தை மாற்றிக்கொண்டு இப்போதே போவது. முதலாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் பட்டத்துக்கு இந்தப் பயிற்சி கட்டாயம், உங்கள் நிலைமை அதைத் தவிர்க்கும் அளவுக்குக் கடுமையானதும் அல்ல. இரண்டாவது, ட்யூபை நிறுத்தியபின் முகம் மிக மோசமாக வெடித்தால் மட்டும். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மூன்றாவதே நடைமுறைக்கு ஏற்றது. தோல் மருத்துவரிடம் சான்று கேளுங்கள். "வயலுக்கு அனுப்ப வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் துறையில் சிக்கல். "வெயில் ஒவ்வாமைக்குச் சிகிச்சையில் இருப்பதால் காலை 10 முதல் மாலை 3.30 வரை திறந்தவெளி வேலையைக் குறைக்கவும், சீருடைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணிய அனுமதிக்கவும்" என்று குறிப்பாக எழுதி வாங்குங்கள். குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் பயிற்சி தொடங்கும் முன்பே கொடுங்கள். முதல் நாள் வரப்பில் நின்றுகொண்டு கேட்டால் யாருக்கும் மாற்ற வசதியிருக்காது.

வேலையைப் பிரிப்பதும் கடினமில்லை. விவசாயிகளே விடிந்ததும் வயலுக்குப் போய்ப் பத்து மணிக்குள் ஏறிவிடுகிறார்கள், வெயில் தாழ்ந்துதான் திரும்பப் போகிறார்கள். வயல் ஆய்வையும் மண் மாதிரி எடுப்பதையும் அந்த நேரத்தில் வைத்துக்கொண்டு, கோலப்பொடியில் கிராம வரைபடம் போடுவது, விதை நேர்த்தி செய்து காட்டுவது, வீடுவீடாகக் கேட்டு எழுதுவது ஆகியவற்றை நண்பகலில் கோயில் மண்டபத்திலோ திண்ணையிலோ செய்யலாம். நீங்கள் கேட்டு வாங்கும் இந்த நேர மாற்றம் குழுவில் உள்ள எல்லோருக்கும் நல்லது. இன்னொன்று: முழுக்கைச் சட்டை போட்டால் வியர்வை கூடும், தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது இவை வெப்பத் தாக்கம். அதற்கு சன்ஸ்க்ரீன் உதவாது, நிழலும் ஈரத்துணியும் மருத்துவமனையும்தான்.

அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருக்கு இதைக் காட்டுங்கள்: உங்கள் மேல்கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெயில் படாத அந்த இடத்தின் நிறமே உங்கள் பிறவி நிறம். வெயிலைத் தவிர்த்தால் முகம் நாளடைவில் அதை நெருங்கும். அதற்கு மேல் எந்த ட்யூபும் பத்திரமாக வெளுக்க வைக்காது, சன்ஸ்க்ரீனும் வெளுக்க வைக்காது. நான் சொன்ன தொப்பியும் சட்டையும் எரிச்சலும் புண்ணும் வராமலிருக்க, கண் கெடாமலிருக்க. நிறம் மாற அல்ல. உங்கள் நிறத்தில் குறையொன்றும் இல்லை, அதற்கு மருந்தும் தேவையில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக நீங்கள் பூசிய மருந்து உங்கள் முகத்தை எப்படி ஆக்கியிருக்கிறது என்பதை அம்மா அருகிலிருந்து பார்த்தால் போதும், அவர் மனம் மாறும் என்றே நினைக்கிறேன். முடிந்தால் மருத்துவரிடம் அவரையும் கூட்டிப் போங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய் வெளிநோயாளர் பிரிவு காலை நேரத்தில் இயங்குகிறது, கட்டணம் இல்லை. ட்யூப், டாக்ஸிசைக்ளின் அட்டை, வைட்டமின் டி அறிக்கை, பொரியின் படங்கள் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ட்யூபை உங்களுக்குக் கொடுத்த அறைத்தோழி இன்னும் அதைப் பூசிக்கொண்டிருந்தால், அவரிடம் நிறுத்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் அவருக்கும் இதே எரிச்சல்தான் வரும். உங்களோடு அவரையும் அழைத்துப் போங்கள்.